சொங்கோக், ஹெல்மெட், தலப்பா, மொட்டை

பெயர் தெரியாத மரத்தைக் கண்டால் அந்த அக்காவுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கெல்லாம் சலிப்புதான் வரும். மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். கயிறு கட்டிய கட்டத்துக்குள் இன்னும் பதினெட்டு மரம் பாக்கி இருக்கும். எங்களோடு வந்த மலாய்க்கார அண்ணன், நாங்கள் அபாங் என்று கூப்பிடுபவர், தலையை அண்ணாந்து இலையைப் பார்ப்பார், பட்டையைப் பார்ப்பார், பிறகு "தா தாவு" என்பார். தெரியாது என்று அர்த்தம். நான் என் கையிலிருக்கும் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, எனக்கும் தெரியாது என்று சொல்வேன்.

அப்போதுதான் அக்கா கிளம்புவார். எழுதும் அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மரத்தை ஒருமுறை வலமாகச் சுற்றுவார், மறுமுறை இடமாகச் சுற்றுவார். பட்டையில் உள்ளங்கையை வைப்பார். கீழே கிடக்கும் இலைகளில் நாலைந்தைப் பொறுக்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பிறகு எழுதுவார்.

"என்னக்கா எழுதுனீங்க?"

"கோவிச்சுக்கிட்டவ."

"அது என்ன பேரு?"

"இலையப் பாரு. எல்லாம் ஒரே பக்கமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது."

பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

அப்போது நான் ஜொகூர் பாருவில் சுற்றுச்சூழல் ஆய்வு செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் இருந்தேன். தாவரவியல் படித்தவள் என்பதால் செடி, கொடி, மரப் பட்டியல் எடுக்கும் வேலை எனக்கு. ஒரு நிலத்தில் ஏதாவது கட்டப்போகிறார்கள் என்றால், அதற்கு முன் அங்கே என்னென்ன இருக்கிறது என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். இருபது மீட்டருக்கு இருபது மீட்டர் நைலான் கயிறு கட்டிக் கட்டம் போடுவோம். உள்ளே நெஞ்சு உயரத்தில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் குறுக்களவு உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் அலுமினியத் தகடு அடிப்போம். அபாங் அளந்து பெயர் சொல்வார். நான் சரிபார்ப்பேன். அக்கா எழுதுவார். தகட்டு எண், பெயர், சுற்றளவு, உயரம், குறிப்பு. ஐந்து பத்தி.

அவரை வேலைக்கு எடுத்தது கையெழுத்துக்காக. மழையில் நனைந்த தாளிலும் அவர் எழுதிய ஏழு ஏழாகவும் ஒன்று ஒன்றாகவும் இருக்கும். நேர்காணலில் நானும் உட்கார்ந்திருந்தேன். மேலாளர் கேட்டார்: "காட்டுல வேலை செஞ்சிருக்கீங்களா?"

"இல்ல சார். காட்டையே பார்த்ததில்ல. செம்பனைத் தோட்டந்தான் பார்த்திருக்கேன்."

அதற்கு முன் பன்னிரண்டு வருடம் பாசிர் கூடாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தார். பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கின் கீழ் சர்க்யூட் பலகைகளைப் பார்த்து, நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம் என்று பிரிக்கும் வேலை. தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அவர் எங்களிடம் வந்தபோது வயது நாற்பதை ஒட்டியிருக்கும். மரங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது. கடைசிவரை தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதும் இல்லை. ஆனால் இரண்டு பொருளுக்கு நடுவில் உள்ள வித்தியாசம் அவர் கண்ணுக்குத் தப்பாது.

இந்தப் பெயர் வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். கயிறு சுற்றிக்கொண்டிருந்தோம்.

"லைன்ல கெட்டுப்போனத போட ஆறு தட்டு இருக்கும். அஞ்சு தட்டுக்குப் பேர் உண்டு. விரிசல், கால் வளைஞ்சது, ஈயம் பத்தாதது, இப்படி. ஆறாவது தட்டுல 'லாய்ன்-லாய்ன்'னு ஒட்டியிருப்பாங்க."

மலாயில் மற்றவை என்று அர்த்தம்.

"அதுல போட்டது ஒண்ணாச்சும் திரும்பி வந்ததா நான் பார்த்ததில்ல. ஏன் கெட்டுச்சுன்னு கேக்க ஆளில்ல. கொண்டுபோய்க் கொட்டிருவாங்க. ஒரு குறை அடிக்கடி வந்துச்சு. ஓரத்துல புள்ளி புள்ளியா. நான் அதுக்கு எறும்புக் கடின்னு பேர் வச்சு, தனித் தட்டு வச்சு எண்ணினேன். மூணு மாசம் கழிச்சு எஞ்சினியரு வந்து நின்னு, அந்த எறும்புக் கடி எங்கம்மான்னு கேட்டாரு."

"சரி பண்ணிட்டாங்களா?"

"பண்ணிட்டாங்க. பேர் வச்சதுனாலதான் வந்தாரு."

அவருடைய பெயர்களில் எனக்கு இன்னும் நினைவிருப்பவை சில. சூப்பர்வைசர்: மற்ற மரங்களுக்கு மேலே தலை நீட்டி, கீழே ஒன்றும் செய்யாமல் நிற்பது. பஸ் டிக்கெட்: இலைகளில் பூச்சி ஒரே அளவில் ஓட்டை போட்டிருப்பது. தேத்தண்ணி: பட்டையைச் சீவினால் பால் கலக்காத தேநீர் நிறம். கடன் கேக்குறவன்: முள்ளால் சட்டையைப் பிடித்துக்கொள்வது. வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று முதல் வாரம் நான் நினைத்தேன்.

அது தவறு என்று புரிந்தது சூப்பர்வைசரால்தான். மூன்றாம் கட்டத்தில் ஒரு மரத்துக்கு அந்தப் பெயரை எழுதியவர், எட்டாம் கட்டத்தில் இன்னொன்றுக்கும் அதையே எழுதினார். பிற்பகலில் வண்டிக்குத் திரும்பி, தண்ணீர் குடித்து, சப்பாத்துக்குள் புகுந்த அட்டைகளை உதறிக்கொண்டிருக்கும்போது எழுந்தார்.

"அது சூப்பர்வைசர் இல்ல."

"எது?"

"எட்டாவதுல உள்ளது. இலைக் காம்பு தடிப்பா இருந்துச்சு. மூணாவதுல மெலிசு. நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

"அக்கா, ரெண்டு கிலோமீட்டர்."

"நீ உக்காரு. என்னத் தூக்கிக்கிட்டுப் போன்னா சொன்னேன்?"

அபாங் "அலமாக்" என்று தலையில் கைவைத்தார். பிறகு அவரே பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டு இலைகளோடு வந்தார்கள். காம்புகள் உண்மையிலேயே வேறு. எட்டாம் கட்டத்து மரம் அன்றிலிருந்து சூப்பர்வைசரோட மச்சான் ஆனது. என் பாடப்புத்தகங்கள் நான்கு பக்கத்தில் விளக்கும் முறையை அவர் வேறு சொற்களில் செய்துகொண்டிருந்தார். பெயர்தான் விளையாட்டு. பிரித்தது விளையாட்டில்லை.

நான் எப்படி என்றால், ரெங்காஸ் மரத்தின் அறிவியல் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதன் கறுப்புப் பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்றும் தெரியும். அதே மரத்தில்தான் ஒருநாள் சாய்ந்து நின்று சப்பாத்துக் கயிறு கட்டினேன். ஒரு வாரம் தோள்பட்டை கொப்புளம். அந்த மரத்தின் குறிப்புப் பத்தியில் அக்கா எழுதியிருந்தது: "படிச்ச பிள்ளை கை வைத்தது."

நாங்கள் அப்போது பட்டியல் எடுத்தது கோத்தா திங்கிக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய ஒரு நிலத்தில். முன் காலத்தில் கரையாக இருந்த மணல்மேடுகள் வரிசையாக உள்ளே போகும். மேடுகளுக்கு நடுவில் மழை முடிந்தும் பல வாரம் தண்ணீர் நிற்கும். மேலே கறுப்பு மண், ஒரு சாண் தோண்டினால் உடைந்த சிப்பி. ஜொகூரில் நான் பார்த்த மண்ணெல்லாம் சுண்ணாம்பில்லாத புளித்த மண்தான். சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறு புட்டியில் அமிலம் எடுத்துப் போவோம். எந்த மண்ணில் சொட்டினாலும் சும்மா கிடக்கும். இங்கே சொட்டியதும் நுரைத்தது.

"இன்னொருக்கா விடு," என்றார் அக்கா. குந்தி உட்கார்ந்து காதைக் கிட்டே கொண்டுபோனார். "கஞ்சி கொதிக்கிற சத்தம்."

அந்தச் சுண்ணாம்பு மண்ணின் மேல் ஓக் மரங்கள் நின்றன. ஓக் என்றால் பனி விழும் ஊர்ப் படங்களில் வரும் மரம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் காட்டிலும் உண்டு. மலாய்க்காரர்கள் மெம்பெனிங் என்பார்கள். ஆனால் இத்தனை ஓக் மரங்கள் ஒரே இடத்தில், அதுவும் சிப்பி மண்ணில், கடல் சத்தம் கேட்கும் தூரத்தில் நிற்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவற்றோடு கலந்து ஆல வகைகள், புன்னை, காட்டு ஜாதிக்காய், நாவல் இனத்துக் கெலாட் மரங்கள். பள்ளத்தில் ஈரம் நிற்கும் இடத்தில் நிபோங் பனை, பிரம்பு, தாழை. தரையில் காட்டு இஞ்சியும் பெரணியும். காலை பத்து மணிக்கும் உள்ளே பச்சை இருட்டு.

ஓக் மரங்கள் எல்லாவற்றையும் அபாங் மெம்பெனிங் என்றே சொன்னார். பூ இல்லாமல் அதற்கு மேல் பிரிக்க என்னாலும் முடியவில்லை. அக்கா கீழே கிடந்த கொட்டைகளைப் பொறுக்கிச் சட்டைப் பையை நிரப்பிக்கொண்டிருந்தார். ஓக் கொட்டைக்கு அடியில் ஒரு கிண்ணம் இருக்கும். கவிழ்த்துப் பிடித்தால் தொப்பி.

"இது நாலு சாதி."

"எல்லாம் மெம்பெனிங்தான்கா."

"நீயும் தமிழு, நானும் தமிழு. அதுக்காக ரெண்டு பேரையும் ஒரே ஆளுன்னு எழுதுவியா?"

கொட்டைகளை ஒரு தாழை இலைமேல் வரிசையாக வைத்தார். ஒன்றின் தொப்பி உயரமாக, ஓரம் நேராக இருந்தது. மலாய் ஆண்கள் போடும் சொங்கோக். ஒன்று கொட்டையை முழுக்க மூடி, நுனி மட்டும் தெரிந்தது. ஹெல்மெட். ஒன்றில் வளையம் வளையமாகச் சுற்றியிருந்தது. தலப்பா. கடைசியில் தொப்பி என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, அடியில் ஒரு தட்டு மட்டும். மொட்டை. பிறகு ஒவ்வொரு கொட்டையும் கிடந்த இடத்துக்குப் போய், மேலே உள்ள மரத்தின் பட்டையையும் இலையையும் பார்த்துவிட்டு வந்தார். நாலும் நாலு விதமாகத்தான் இருந்தன. அன்றிலிருந்து அவருடைய அட்டையில் மெம்பெனிங் என்ற சொல் வரவில்லை.

அந்த வாரம் மேலாளர் எங்களைப் பார்க்க வந்தார். திரும்பும் வழியில் கோத்தா திங்கியில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் சாப்பிட்டோம். அந்த ஓக் காட்டு நிலத்தில் கடலோர விடுதியும் வீடுகளும் வரப்போவதாக மேலாளர் சொன்னார்.

"சார், நாம எழுதுற பட்டியல வச்சா முடிவு பண்ணுவாங்க?" என்று அக்கா கேட்டார்.

"அதுவும் ஒரு காரணம்மா. எத்தனை வகைன்னு பார்ப்பாங்க. நிறைய இருந்தா, அந்த மேட்டை அப்படியே விட்டுட்டு, கட்டடத்தை உள்ளே பழைய செம்பனை நிலத்துக்குத் தள்ளச் சொல்லி நாம எழுதலாம். கம்மியா இருந்தா நாம பேசுறதுக்கு ஒண்ணுமில்ல."

அக்கா ரொட்டியை விரலால் பிய்த்துக்கொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. வண்டியில் பின் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், மெதுவாகச் சொன்னார்.

"பன்னெண்டு வருஷம் பார்த்துப் பார்த்து அனுப்பினேன். அதுல ஒண்ணு இப்ப எங்க இருக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாது. இது எங்க இருக்குன்னு தெரியும். இது நிக்கணும் தங்கச்சி."

அதன் பிறகு அவர் ஒவ்வொரு மரத்தையும் சுற்றிவர இன்னும் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அபாங் முணுமுணுத்தார். நானும் சில நாள் முகத்தைச் சுளித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசிர் கூடாங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். நான்காம் மாடி. தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்தில் அந்தக் கொட்டைகள் நான்கு பிளாஸ்டிக் கிண்ணங்களில் தனித்தனியாக இருந்தன. வீட்டுக்காரர் டேங்கர் லாரி ஓட்டுபவர், சிரித்த முகம்.

"இங்க சுவத்துல உள்ள பல்லிக்குப் பேரு. தண்ணி வராத குழாய்க்குப் பேரு. எல்லாத்துக்கும் வைக்கிறா. என்னை மட்டும் இருபது வருஷமா 'இந்தாங்க'ன்னுதான் கூப்பிடுறா."

"அதுதான் உங்க பேரு," என்றார் அக்கா உள்ளிருந்து. "இந்தாங்க, அந்தக் கோப்பைய எடுத்து வைங்க."

இனிச் சொல்ல வேண்டியதை எப்படிச் சொன்னாலும் எனக்கு நல்லதாக வராது. அதனால் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

வெளிவேலை முடிந்தது. ஏழு நோட்டுகளில் இருந்ததை அக்கா கணினியில் ஏற்றினார். தெரிந்த மரங்களுக்கு நான் அறிவியல் பெயர் போட்டேன். தெரியாதவை அவர் வைத்த பெயரிலேயே கிடந்தன. அறிக்கை வெள்ளிக்கிழமை போக வேண்டும். வியாழக்கிழமை காலை என் மேசைப் பக்கம் வந்த மேலாளர் திரையை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஹெல்மெட் ஒன்பது மரம்? இது காடா, மோட்டார் கடையா?"

அலுவலகமே சிரித்தது. அக்காவும் சிரித்தார். எனக்கு மட்டும் காது சூடானது. அந்தப் பட்டியலின் மேல் என் பெயர்தானே இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

அன்று மாலை பெயர்ப் பத்தியை வரிசைப்படுத்தினேன். ஒரு பக்கம் அறிவியல் பெயர்கள் வந்தன. மறுபக்கம் அக்கா வைத்தவை, ஓக் நான்கும் போக முப்பத்தேழு. அத்தனையையும் தேர்ந்தெடுத்து, "அடையாளம் காணப்படாதவை" என்று ஒரே சொல்லாக மாற்றினேன். ஓக் நான்கையும் ஒரே மெம்பெனிங் ஆக்கினேன். வகைகளை எண்ணும் மென்பொருள், ஒரு பெயரை ஒரு வகை என்று எண்ணும். முப்பத்தேழு ஒன்றானது. நான்கு ஒன்றானது.

எனக்குத் தெரியாமல் நடந்ததில்லை இது. அடையாளம் தெரியாத வகைகளை ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, வகை ஒன்று, வகை இரண்டு என்று எண் கொடுத்துத் தனித்தனியாக வைக்க வேண்டும் என்பது எங்களுக்கு இரண்டாம் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்தது. கூடப் படித்த ஒருவன் இதே தவறைச் செய்தபோது நான் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த மாலையில் நான் பார்த்தது வகைகளை அல்ல, ஒரு தாளை. தாள் சுத்தமாக இருந்தது. வேடிக்கைப் பெயர் ஒன்றுகூட இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. வந்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, பரவலாகக் காணப்படும் சில வகைகளே மிகுந்துள்ள சாதாரணக் கடலோரக் காடு என்று முடிவுரையில் எழுதினேன். எண்ணிக்கை குறைவாக வந்திருக்கிறதே என்று ஒரு நிமிடம் தோன்றியது. மணி ஆறு. மூடிவிட்டுக் கிளம்பினேன்.

அறிக்கை அனுமதி தரும் துறைக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை, அலுவலகப் பிரதிகளைத் துளைபோட்டுக் கட்டும் வேலை அக்காவுக்கு. கொஞ்ச நேரம் கழித்து என் மேசைக்கு ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, தலப்பா எங்க?"

காட்டினேன்.

"ஹெல்மெட்?"

"அதுவும் அதே வரிதான்கா."

"சொங்கோக்கு, மொட்டை?"

"நாலும் அங்கதான்."

"சூப்பர்வைசரு? அவன் மச்சான்?"

நான் பக்கத்தைத் திருப்பிக் கடைசி வரியைக் காட்டினேன். அவர் விரல் அந்த வரியின்மேல் போய், எதிரே இருந்த மர எண்ணிக்கையில் நின்றது. பட்டியலிலேயே பெரிய எண் அதுதான்.

"லாய்ன்-லாய்ன்," என்றார்.

திரும்பிப் போய் உட்கார்ந்து, மீதிப் பிரதிகள் எல்லாவற்றுக்கும் துளை போட்டு, வளையம் கோத்து, ஓரம் நேராகத் தட்டி அடுக்கினார். மத்தியானம் சாப்பிட என்னைக் கூப்பிடவில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

அன்றே மேலாளரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"நம்பர் போட்டிருந்தா போதுமேம்மா."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

திருத்தம் அனுப்பலாம் என்றார். இரண்டு நாள் அக்காவும் நானும் ஏழு நோட்டுகளையும் மறுபடி திறந்து வைத்துக்கொண்டோம். அவர் வாசிப்பார், நான் தட்டுவேன். "கோவிச்சுக்கிட்டவ, ஆறு மரம்." வகை ஒன்று. "பஸ் டிக்கெட், ரெண்டே ரெண்டு." வகை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் பட்டை எப்படி, இலை எப்படி, எந்தக் கட்டத்தில் என்று நோட்டில் இருந்தது. இல்லாதது அவர் நினைவில் இருந்தது. முடித்தபோது வகைகளின் எண்ணிக்கை அறிக்கையில் போனதைப்போல் இரண்டு மடங்கு. சாதாரணக் காடு என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த மேட்டை விட்டுவிட வேண்டும் என்று எழுதினேன். எழுதியதை அவருக்குத் தமிழில் சொன்னேன்.

"இன்னொருக்கா சொல்லு," என்றார். சொன்னேன். தலையாட்டினார்.

திருத்தம் போயிற்று. மூன்று வாரத்தில் இரண்டு வரியில் பதில் வந்தது. திருத்தம் பெறப்பட்டது, முன்பு தந்த அறிக்கையின்படி முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

தீபாவளிக்கு அடுத்த வாரம் இயந்திரங்கள் உள்ளே போயின.

முதலிலேயே சரியான பட்டியல் போயிருந்தால் அந்த மேடு நின்றிருக்குமா என்று எனக்குத் தெரியாது. மேலாளர் பல தடவை சொன்னார்: "எப்படியும் போயிருக்கும்மா, நீ மனசுல வச்சுக்காத." என் அம்மாவும் சொன்னார். அக்கா மட்டும் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. திட்டியதும் இல்லை. மறுபடி மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டார். சாம்பாரில் இருந்த முருங்கைக்காயை முன்போலவே என் தட்டில் எடுத்துப் போட்டார். என்மேல் கோபமா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"உன்மேல கோவப்பட்டு என்ன பண்றது? நீ என்ன மரமா, மறுபடி முளைக்க வைக்கிறதுக்கு?" என்றார். வேடிக்கையாகச் சொன்னாரா என்று இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

ஒப்பந்தம் முடிந்ததும் அவர் புதுப்பிக்கவில்லை. சிங்கப்பூரில் அலுவலகம் துடைக்கும் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளமும் கூட என்றார். ஓராண்டு எப்போதாவது பேசினோம். பிறகு அந்த எண்ணில் ஒரு சீன இளைஞர் எடுத்தார். பாசிர் கூடாங் வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. விசாரித்தால் கண்டுபிடித்திருக்கலாம். நான் விசாரிக்கவில்லை.

கடைசியாக நாங்கள் ஒன்றாக வெளிவேலைக்குப் போனது அவருடைய ஒப்பந்தம் முடியும் வாரத்தில். ஆய்வு செய்த நிறுவனமே வேலை நடக்கும்போதும் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். மண் கடலில் கரைந்து ஓடாமல் தடுப்பு கட்டியிருக்கிறார்களா, வாய்க்கால் அடைத்திருக்கிறதா, புழுதி எவ்வளவு என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நீங்க வர வேண்டாம் அக்கா, நான் அபாங்கோடு போய்க்கொள்கிறேன் என்றேன். அவர் சப்பாத்தை எடுத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார்.

இறங்கியபோது கண் கூசியது. மேலே இருந்த கறுப்பு மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டதால் சிப்பி மண் வெளியே வந்து, கடல்வரை வெள்ளையாகக் கிடந்தது. காட்டுக்குள் இத்தனை நாள் சத்தமாக மட்டும் கேட்ட கடல் நேராகத் தெரிந்தது. நிழல் என்று எங்கள் வண்டியின் நிழல்தான். அபாங் இறங்கவே இல்லை.

நான் தடுப்புகளைப் பார்த்தேன், வாய்க்காலைப் பார்த்தேன், எழுதினேன். படிவத்தின் கடைசிப் பகுதிக்கு வந்தேன். தளத்தில் உள்ள தாவரங்கள், வகைவாரியாக. இல்லை என்று எழுதப் பேனாவை வைத்தேன். அக்கா அட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"பார்க்காம எழுதாத."

அந்த வெள்ளை வெளியில் தனியாக நடந்து போனார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சின்ன உருவமாக அங்கங்கே குனிவதும், குந்தி உட்கார்வதும், எழுந்து நடப்பதும் தெரிந்தது. இயந்திரம் ஓட்டுபவர்கள் நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். ஒருவர் என்னிடம் வந்து, அந்த அம்மா ஏதாவது தொலைத்துவிட்டாரா என்று மலாயில் கேட்டார். இல்லை, வேலை பார்க்கிறார் என்றேன்.

வெயிலில் முகம் சிவந்து திரும்பி வந்தார். அட்டையை என்னிடம் நீட்டினார். அந்த நேரான கையெழுத்தில் மூன்று வரி. லாலாங் புல். தொட்டாச்சிணுங்கி. மூக்குத்திப்பூச் செடி. ஒவ்வொன்றுக்கும் எதிரில் எத்தனை என்று எண்ணியும் இருந்தார்.

"அவ்வளவுதானா அக்கா?"

"அவ்வளவுதான். எல்லாத்துக்கும் பேர் இருக்கு," என்றார். "நான் வைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல."

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். படிவத்தின் அடியில் தயாரித்தவர் என்று ஓர் இடம் இருந்தது. அதில் என் பெயரை எழுதினேன்.